வில்லுக்கு முன் கையை அளப்போம்

“சார், எந்த வில் வாங்கலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் உடனே வில்லைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்து நிற்கச் சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுப்பேன். கேட்டவர் எட்டாம் வகுப்பு மாணவியாக இருந்தாலும், ஓய்வுபெறப் போகும் தமிழாசிரியராக இருந்தாலும் முதல் வேலை இதுதான். நம் உடலை அளந்த பிறகே வில்லைத் தேட வேண்டும்.

தாம்பரத்தை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாடம்பாக்கம் பக்கம் உள்ள ஒரு பயிற்சித் திடலில் அம்பு எய்வது என் பொழுதுபோக்கு. பதக்கம் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கபடிக்கும் கைப்பந்துக்கும் ஆள் எடுக்கும்போது கடைசிவரை ஓரமாக நிற்கும் பிள்ளைகள் சிலர், இந்த விளையாட்டில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வேகமாக ஓட வேண்டாம், உயரமாக இருக்க வேண்டாம், யாரையும் இடித்துத் தள்ள வேண்டாம். அதே சமயம், பொருந்தாத வில்லைக் கையில் வாங்கிய காரணத்தால் மூன்றே வாரத்தில் தோள் வலியோடு விலகிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்த இழப்பைத் தடுக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வில்லில் எத்தனை வகை?

நம் நாட்டுப் போட்டிகளில் மூன்று வகை வில்களைக் காணலாம்.

முதலாவது மூங்கில் வில். இதற்கான பிரிவை ‘இந்தியன் ரவுண்ட்’ என்கிறார்கள். குறி பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடிய ராஜஸ்தானின் லிம்பா ராம், ஜார்க்கண்டின் தீபிகா குமாரி போன்றவர்கள் மூங்கில் வில்லில் தொடங்கியவர்களே.

இரண்டாவது ரீகர்வ். இதன் இரு முனைகளும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். ஒலிம்பிக்கில் 1972 முதல் நாம் பார்த்துவரும் வில் இதுதான். அங்கே குறிப்பலகை 70 மீட்டர் தொலைவில் இருக்கும். பலகையின் வட்டம் 122 சென்டிமீட்டர். அதன் நடுவே 10 மதிப்பெண் தரும் வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர். பெரும்பாலான ரீகர்வ் வில்களை மூன்று துண்டுகளாகக் கழற்றலாம். நடுவில் கைப்பிடியுள்ள பகுதி ரைசர். மேலும் கீழும் பொருத்தப்படும் வளையும் பகுதிகள் லிம்ப். கழற்றிய வில் ஒரு முதுகுப்பையில் அடங்கிவிடும். செங்கல்பட்டு மின்சார ரயிலில் யாரையும் இடிக்காமல் கொண்டுபோகலாம்.

மூன்றாவது காம்பவுண்ட். இதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் உண்டு. நாணை இழுக்கும்போது பாரம் ஓரளவு ஏறி, பின்பு சட்டென்று இறங்கும். முழுவதும் இழுத்து நிற்கும்போது உச்ச விசையில் கால் பங்கு அளவே விரலில் தெரியும். 2023இல் பெர்லினில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மகாராஷ்டிரத்தின் அதிதி சுவாமி 17 வயதில் தங்கம் வென்றது இந்த வில்லில்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் இதுவும் இடம்பெறுகிறது.

தொடங்குபவருக்கு எது நல்லது? என் பரிந்துரை, கழற்றிப் பொருத்தும் மர ரீகர்வ் வில். காம்பவுண்ட் வில்லை ஒவ்வொருவரின் இழுக்கும் நீளத்துக்கும் ஏற்பச் சரிசெய்ய வேண்டும் என்பதால், ஒரே வில்லைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது கடினம். பழுது பார்க்கவும் தனிக் கருவி வேண்டும். ரீகர்வில் லிம்பை மட்டும் மாற்றினால் போதும், அதே ரைசர் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டு அளவுகள்

வில்லைத் தேர்ந்தெடுக்க இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒன்று இழுநீளம், மற்றொன்று இழுவிசை.

இழுநீளம் என்பது, நாணை முழுவதும் இழுத்துத் தாடையின்கீழ் கையை நிறுத்தும்போது வில்லுக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரம். விரித்த கைகளின் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5ஆல் வகுத்தால் தோராயமாக இது கிடைக்கும். கைவிரிப்பு 150 சென்டிமீட்டர் உள்ள மாணவிக்கு இழுநீளம் 60 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 24 அங்குலம். இவருக்கு 62 முதல் 64 அங்குல வில் பொருந்தும். இழுநீளம் 26 முதல் 28 அங்குலம் வரை உள்ளவர்களுக்கு 66 அல்லது 68 அங்குல வில் வேண்டும். குட்டையான வில்லை நீண்ட கையுள்ளவர் இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி விரலை நெருக்கும்.

இழுவிசை என்பது வில்லை முழுவதும் இழுக்கத் தேவையான விசை. இதை இன்றும் பவுண்டில்தான் சொல்கிறார்கள். லிம்பில் அச்சிட்டிருக்கும் எண், 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள விசையைக் குறிக்கும். ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு குறையும். 20 பவுண்டு என்று எழுதியிருக்கும் வில், 24 அங்குலம் இழுக்கும் மாணவியின் கையில் சுமார் 16 பவுண்டுதான்.

தொடக்க நிலையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 14 பவுண்டு, உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கு 14 முதல் 20 பவுண்டு, பெரியவர்களுக்கு 18 முதல் 24 பவுண்டு போதுமானது. “இவ்வளவு குறைவா?” என்று பலரும் கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காலைப் பயிற்சியில் 60 அம்புகள் எய்கிறோம். 18 பவுண்டு என்பது ஏறத்தாழ 8 கிலோ எடையை இழுப்பதற்குச் சமம். 60 முறை இழுத்தால் 480 கிலோ. அதே பிள்ளை 30 பவுண்டு வில்லை எடுத்தால் 800 கிலோவைத் தாண்டிவிடும். இந்தப் பாரம் முழுவதும் வளரும் வயதில் உள்ள ஒரு தோள்மூட்டின் மேல் இறங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு உறவினர் ஒருவர் ஆசையாக 30 பவுண்டு வில் வாங்கிக் கொடுத்தார். அவள் அதை இழுக்கும்போது தோள் காது வரை ஏறியது, இடுப்பு பின்னால் சாய்ந்தது, நாண் தாடையைத் தொடும் முன்பே விரல் நழுவியது. ஒரு மாதத்தில் வில் பரணுக்குப் போய்விட்டது. “எனக்கு வராது சார்” என்றாள். மறு ஆண்டு 14 பவுண்டு லிம்பைக் கொடுத்தபோது தோள் தானாக இறங்கியது. இப்போது அவளுக்குக் குறிப்பலகையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. ‘வராது’ என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, நாம் கொடுத்த சுமை எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது வகுப்பறைக்கும் பொருந்தும்.

வில் பொருந்துகிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. நாணை முழுவதும் இழுத்து, பத்து வினாடி நடுக்கமின்றி நின்று, அம்பு எய்யாமல் மெதுவாகத் திரும்ப விட முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். பல மாதப் பயிற்சிக்குப் பின் இரண்டு பவுண்டு கூட்டலாம்.

வில் ஆளுக்கேற்ப அமைய வேண்டும் என்பதற்கு ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவியைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத அவர், காலால் வில்லைத் தாங்கி, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுத்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். அதே போட்டியில் ரீகர்வ் பிரிவில் ஹர்விந்தர் சிங் தங்கம் வென்றார். மாற்றுத்திறன் குழந்தைகளுடன் பணியாற்றும் ஆசிரியர்கள் இவ்விருவரைப் பற்றியும் வகுப்பில் அவசியம் சொல்ல வேண்டும்.

எந்தக் கண் ஆள்கிறது?

வலது கைக்காரருக்கு வலது கை வில் என்று முடிவு செய்துவிட முடியாது. நம் இரு கண்களில் ஒன்று குறி பார்ப்பதில் முந்திக்கொள்ளும். அதைக் கண்டறிய, இரு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டிக் கட்டைவிரல்களுக்கு இடையே சிறு முக்கோண இடைவெளி அமைக்க வேண்டும். அதன் வழியாகக் கரும்பலகையில் உள்ள ஒரு புள்ளியை இரு கண்களாலும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது புள்ளி இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே ஆளும் கண். வலக்கண் ஆள்பவர் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பது நல்லது. இடக்கண் ஆள்பவருக்கு இது தலைகீழ்.

ஐந்து நிமிடத்தில் முழு வகுப்பையும் சோதித்துவிடலாம். கிடைக்கும் எண்களைக் கொண்டு பட்டை வரைபடம் வரையச் சொன்னால் அது கணக்குப் பாடம்.

அம்பும் காப்பும்

வில்லைவிட அம்பில்தான் கவனம் அதிகம் தேவை. அம்பு, இழுநீளத்தைவிடக் குறைந்தது ஓர் அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். தொடங்குபவருக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பது மேலும் பாதுகாப்பு. குட்டையான அம்பின் முனை, முழுவதும் இழுக்கும்போது வில்லைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கையில் பாயும் ஆபத்து உண்டு. கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் மெல்ல வளைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எய்ய வேண்டும்.

முன்கையைக் காக்கத் தோல் அல்லது பிளாஸ்டிக் காப்பு, விரல்களுக்கு ஒரு தோல் துண்டு, நாணேற்ற உதவும் கயிறு ஆகியவை கட்டாயம். வில்லுக்குச் செலவைக் குறைத்தாலும் இவற்றில் குறைக்காதீர்கள். நாண் ஒரு முறை முன்கையில் உரசினால், அடுத்த பல அம்புகளுக்குப் பிள்ளையின் கை தானாகப் பின்வாங்கும்.

விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம்

18 பவுண்டு என்றால் பொம்மை வில்தானே என்று எண்ணுபவர்களுக்காக, என் மாணவர்களோடு போடும் கணக்கை இங்கே தருகிறேன். 18 பவுண்டு என்பது சுமார் 80 நியூட்டன். நாண் அரை மீட்டர் இழுபடுகிறது. விசை சுழியிலிருந்து சீராக ஏறுவதாகக் கொண்டால், வில்லில் சேரும் ஆற்றல் ½ × 80 × 0.5, அதாவது 20 ஜூல். அதில் 14 ஜூல் அம்புக்குப் போவதாகக் கொள்வோம். அம்பின் நிறை 20 கிராம் என்றால், வேகம் வினாடிக்கு 37 மீட்டர். மணிக்கு 133 கிலோமீட்டர். ஒரு வேகப்பந்து வீச்சாளரின் பந்து வேகம் இது. ஆனால் இதன் முனையில் கூர்மையான உலோகம் இருக்கிறது.

காற்றின் தடையை விட்டுவிட்டால், 45 பாகையில் எய்த இந்த அம்பு 140 மீட்டர் வரை போகும். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ உள்ள ஒரு பள்ளி மைதானத்தில் நின்று பாருங்கள். 140 மீட்டர் என்பது சுற்றுச்சுவரைத் தாண்டி இரண்டாவது தெரு. ஆகவே மொட்டைமாடியிலும், ஆள் நடமாடும் காலிமனையிலும் எய்யவே கூடாது. குறிப்பலகைக்குப் பின்னால் உயரமான மண்மேடோ, அம்பைத் தடுக்கும் வலையோ, ஆளில்லாத நீண்ட வெளியோ இருக்க வேண்டும். பள்ளியில் தொடங்குவதாக இருந்தால் தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், உடற்கல்வி ஆசிரியருடன் பயிற்சி பெற்ற பயிற்றுநர் ஆகிய மூன்றும் இல்லாமல் ஓர் அம்பும் வெளியே வரக்கூடாது.

திடலில் சில விதிகள் மீற முடியாதவை. எய்பவர் அனைவரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். காத்திருப்போருக்கு அதற்குப் பின்னால் தனிக் கோடு. உலகப் போட்டிகளில் உள்ளபடி விசில் ஒலியைப் பழக்கலாம். இரண்டு ஒலி என்றால் கோட்டுக்கு வரலாம், ஓர் ஒலி என்றால் எய்யலாம், மூன்று ஒலி என்றால் அம்பு எடுக்கப் போகலாம். விடாமல் ஐந்து ஒலி கேட்டால் அனைவரும் உடனே நிறுத்த வேண்டும். பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி லிம்பை உடைத்துவிடும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உலோக முனை வேண்டாம். ரப்பர் முனை அம்பு கொண்ட வில்லும், உடற்பயிற்சி ரப்பர் பட்டையும் போதும். நிற்கும் முறையையும் இழுக்கும் முறையையும் அவற்றிலேயே முழுமையாகக் கற்பிக்கலாம்.

நம் ஊர் வெயிலும் மழையும்

தென்சென்னைப் புறநகரில் வில் வைத்திருப்பவர் வானிலையையும் கவனிக்க வேண்டும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட்டுவைத்தால் லிம்பில் ஒட்டிய அடுக்குகள் பிரிந்துவிடும். பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றி, நிழலில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் மைதானங்கள் பல வாரக்கணக்கில் சேறாகவே இருக்கும். அப்போது உலர்ந்த துணியால் துடைத்து நாணுக்கு மெழுகு தடவி வைக்கலாம். ஈஞ்சம்பாக்கம், கோவளம் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஞாயிறு காலையின் இன்பம்

புதிதாகத் தொடங்குபவரை 5 மீட்டரில், வட்டம் எதுவும் ஒட்டாத வெறும் பலகை முன் நிறுத்துவது வழக்கம். மதிப்பெண் வட்டம் கண்ணில் பட்டால் உடல் மறந்துபோகும். கால்களைத் தோளகலத்தில் ஊன்றி, நாணை மூன்று விரலால் பற்றி, முதுகுத் தசையால் இழுத்து, தாடையின்கீழ் நிறுத்தி, விரலைத் தளர்த்துவது மட்டுமே வேலை. பிறகு 10 மீட்டர், அதன் பின் 18 மீட்டர்.

மூன்று அம்புகளும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குத்தியிருந்தால், அது மஞ்சள் வட்டத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி இருந்தாலும் நல்ல செய்திதான். குறிகாட்டியைச் சற்று நகர்த்தினால் மூன்றும் நடுவுக்கு வந்துவிடும். ஒன்று நடுவிலும் மற்ற இரண்டு இரு மூலைகளிலும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். விடைத்தாள் திருத்தும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். ஐந்து கணக்கிலும் ஒரே வகையில் தவறிய மாணவருக்கு ஒரே ஒரு கருத்துதான் புரியவில்லை. அவரை நடுவுக்குக் கொண்டுவர ஒரு பாடவேளை போதும்.

நாள் முழுதும் குரலை உயர்த்தி, நின்றபடியே வேலை செய்யும் நமக்கு இந்தப் பொழுதுபோக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஓர் அம்பை எய்யும் அந்தச் சில வினாடிகளில் வேறு எதையும் நினைக்க முடியாது. அம்பெடுக்கப் பலகை வரை போய்த் திரும்புவதிலேயே நல்ல நடைப்பயிற்சியும் ஆகிவிடுகிறது. தோள் வலியோ கழுத்து வலியோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பாடவேளைக்குள் வில்

வில் வாங்காமலேயே வகுப்பில் செய்யக்கூடியவை பல. அறிவியலில் மீள்திறன், நிலையாற்றல், இயக்க ஆற்றல். கணக்கில் கைவிரிப்பு அளவுகளின் சராசரி. 18 மீட்டரைக் கடக்க மேலே சொன்ன அம்புக்கு அரை வினாடி ஆகிறது. அதற்குள் அது ஒரு மீட்டருக்குமேல் கீழே இறங்கிவிடும். அப்படியானால் எங்கே குறிவைக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மணி அடித்த பிறகும் விவாதம் ஓயாது.

தமிழாசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வில் என்பது சேரரின் சின்னம். ‘வில்லவன்’ என்று சேரனுக்குப் பெயர். ‘சிலை’ என்ற சொல்லுக்கு வில் என்ற பொருளும் உண்டு. ‘கோதை’ என்பது மாலையை மட்டுமின்றி, வில்வீரர் முன்கையில் கட்டிய தோற்காப்பையும் குறிக்கும். இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் காப்புக்கு நம்மிடம் இவ்வளவு அழகான பெயர் இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். அந்த மலையில் ஆடி மாதத்தில் அரசு எடுக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது.

வாங்குவதற்கு முன்

ஆர்வம் வந்த வாரமே கடைக்குப் போக வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் பயிற்சித் திடலில் உள்ள வில்லிலேயே பழகுங்கள். அதற்குள் தோள் பழகும், இழுநீளமும் ஓர் அங்குலம் வரை மாறக்கூடும். பிறகு வாங்கும்போது ரைசரை நல்லதாகவும் லிம்பைக் குறைந்த விசையிலும் வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதானால், வலது கை வில்லா இடது கை வில்லா என்பதை இருமுறை சரிபாருங்கள்.

பள்ளிக்கென்று வாங்கும் வாய்ப்பு அமைந்தால், ஒரே அளவில் பத்து வில் வாங்க வேண்டாம். ஒரே வகை ரைசர்கள் நான்கும், அவற்றில் பொருந்தும் 12, 14, 16, 18 பவுண்டு லிம்ப்களும் இருந்தால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அனைவருக்கும் போதும். ஒவ்வொரு லிம்பிலும் அதன் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாருக்கு எந்த எண் என்று ஒரு பதிவேடு வையுங்கள். ஜூன் மாதம் கைகளை மீண்டும் அளக்கும்போது, 12ஆம் எண் லிம்பைத் தாண்டி வளர்ந்த பிள்ளை அதைத் தானே துடைத்து, புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுக்கட்டும்.